ஒரே குசினிப் புகை, ஒரு பிள்ளைக்கு மட்டும் முட்டு

வன்னியில் ஒரு பிள்ளைக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, என்று தெரிந்ததும் வீட்டுக்குள் முதலில் எழும் கேள்வி, "ஆற்ற பக்கத்தால வந்தது?" என்பதுதான். தாயின் தமையனுக்குச் சின்னனில் இருந்ததாம், தகப்பனின் அம்மம்மாவுக்கு மாரி தொடங்கினால் இழுக்குமாம் என்று பட்டியல் நீளும். கிளினிக்கில் கேட்பதோ வேறு. விறகடுப்பா? நுளம்புத்திரி கொளுத்துவீர்களா? வீட்டுக்குள் யாராவது சிகரெட் குடிப்பதுண்டா?

தாய் குழம்பிப்போய் வீடு திரும்புகிறார். பரம்பரை என்றால் அடுப்பை மாற்றி என்ன பயன்? அடுப்புத்தான் காரணம் என்றால், மூத்தவர்கள் இரண்டு பேரும் அதே புகையில்தானே வளர்ந்தார்கள், அவர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை? இதற்கிடையில் கைப்பேசியில் "ஆஸ்துமா 70 வீதம் பரம்பரை" என்று ஒரு தலைப்பு வந்து நிற்கும். அந்த 70 என்ற எண் பொய்யல்ல. ஆனால் பலரும் நினைக்கும் பொருள் அதற்கு இல்லை.

மூச்சுக்குழாயில் நடப்பது

முட்டு, தொய்வு, இழுப்பு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் உட்சுவர் நாள்பட அழன்று வீங்கியிருக்கும். அப்படி வீங்கிய குழாயில் புகையோ, தூசியோ, தடிமன் வைரசோ பட்டால் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கும்.

1. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும்.
2. உட்சுவர் இன்னும் வீங்கும்.
3. தடித்த சளி சுரந்து, மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கும்.

குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ 16 மடங்கு ஆகிறது. பிள்ளைகளின் குழாய்கள் ஏற்கெனவே ஒடுங்கியவை. அதனால்தான் தகப்பனுக்கு வெறும் தடிமனாகப் போகும் அதே வைரஸ், நாலு வயதுப் பிள்ளையை விடியப்புறம் மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலே அது ஆஸ்துமா ஆகிவிடாது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு வயதில் அது இல்லை. குழாய் பெருக்க, வைரசோடு வந்த இழுப்பும் போய்விட்டது. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்கு "பரம்பரை முட்டு" என்று முத்திரை குத்தி, பிள்ளையைக் குளிக்க விடாமல் ஓட விடாமல் வைத்திருப்பது அவசரப்பட்ட காரியம்.

மரபணு எதைக் கொண்டுவருகிறது

தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது நோய் அல்ல, நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மை. தலசீமியா போல ஒரேயொரு மரபணு பழுதாகி வருகிற நோய் இதுவல்ல. நூற்றுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றின் பலமும் சிறியது. ஆகவே "முட்டுக்காரக் குடும்பம்" என்று சொல்லிச் சம்பந்தம் மறுப்பதற்கு மரபியலில் ஆதாரம் தேட முடியாது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். அப்படியிருந்தும் வராமல் போகும் பிள்ளைகள் ஏராளம்.

இந்த மரபணுக்கள் எங்கெல்லாம் வேலை செய்கின்றன என்று பார்த்தால் விசயம் தெளிவாகும்.

1. 17ஆம் நிறமூர்த்தம். நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்பது மரபணுக்களைத் தாங்கி நிற்கும் இழை. 2007இல் இதன் ஒரு பகுதியில், ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணுவை அண்டி, சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவோடு வலுவாகத் தொடர்புபட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டன. பெரிய வயதில் தொடங்கும் ஆஸ்துமாவில் இந்தத் தொடர்பு அவ்வளவாக இல்லை. அதாவது பிள்ளைகளின் முட்டும் பெரியவர்களின் முட்டும் முழுக்க ஒன்றல்ல.
2. வைரஸ் நுழையும் கதவு. சிடிஎச்ஆர்3 என்ற மரபணுவின் ஒரு வடிவம், சிறு வயதில் கடும் இழுப்போடு ஆஸ்பத்திரியில் சேரும் பிள்ளைகளில் அதிகம் என்று 2014இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே காரணமும் பிடிபட்டது: ரைனோவைரஸ் சி என்ற தடிமன் வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவே இந்த மரபணு செய்யும் புரதம்தான்.
3. தோல். பிலாகிரின் என்ற புரதம் தோலின் மேற்படையை இறுக்கமாக வைத்திருக்கிறது. அதன் மரபணு பழுதானால் தோல் வறண்டு கரப்பன் வரும், அதன் வழியே ஒவ்வாமை தொற்றிக்கொள்ளும், சிலருக்குப் பின்னர் முட்டும் வரும். கைமடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பன் உள்ள பிள்ளைக்கு முட்டும் இருப்பது பல வீடுகளில் கண்ட காட்சிதான்.
4. அலாரம். ஐஎல்33, டிஎஸ்எல்பி போன்றவை, மூச்சுக்குழாயின் உட்தோல் காயப்பட்டதும் எதிர்ப்புச் சக்தியைக் கூப்பிடும் சமிக்ஞைகள். சிலரின் உடலில் இந்த அலாரம் சின்னத் தூசிக்கும் அலறும்.

நாலிலும் பொதுவாக ஒன்று உண்டு. வைரஸ் வராவிட்டால் கதவு இருந்தும் நுழைய ஆளில்லை, தூசியும் புகையும் இல்லாவிட்டால் அலாரம் அடிக்கக் காரணமில்லை.

"70 வீதம்" என்பதன் உண்மையான பொருள்

இந்த எண் இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வருகிறது. ஒரே உருவ இரட்டையரின் மரபணுக்கள் ஒன்றே. சாதாரண இரட்டையர், உடன்பிறந்தவர்களைப் போல, சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இருவருக்கும் ஆஸ்துமா சேர்ந்து வருவது எந்தச் சோடியில் எவ்வளவு கூடுதல் என்று ஒப்பிட்டு, ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் பரம்பரைப் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். பல ஆய்வுகள் 60க்கும் 80க்கும் இடையில் வந்து நிற்கின்றன. அதே ஆய்வுகளில், மரபணு முழுக்க ஒன்றாயிருந்தும் ஒருவருக்கு மட்டும் ஆஸ்துமா உள்ள சோடிகளும் நிறைய உண்டு. இதைத் தலைப்புகள் சொல்வதில்லை.

இனி அந்த எண்ணை ஒரு வயலில் இறக்கிப் பார்ப்போம். இரணைமடு வாய்க்கால் தண்ணீர் வரப்புக்கு வரப்பு சரிசமனாகப் பாயும் ஒரு காணி. ஒரே நாளில் விதைப்பு, ஒரே பசளை. ஆனால் விதைநெல்லில் இரண்டு இனம் கலந்துவிட்டது. கதிருக்குக் கதிர் தெரியும் வித்தியாசம் முழுக்க விதையால் வந்தது. பரம்பரைப் பங்கு 100 வீதத்துக்குக் கிட்ட. அதற்காக இந்த நெல்லுக்குத் தண்ணீர் முக்கியமில்லை என்று எந்தக் கமக்காரனாவது சொல்வானா? வாய்க்காலை மறித்தால் இரண்டு இனமும் சேர்ந்தே கருகும்.

அதே கலப்பு விதையை, பாதி வாய்க்கால் தலைப்பிலும் பாதி தண்ணீர் எட்டாத மேட்டிலுமாக விதைத்தால்? இப்போது வித்தியாசத்தில் பெரும்பகுதி தண்ணீரால் வரும். விதையின் பங்கு 30க்கோ 20க்கோ இறங்கும். விதை மாறவில்லை, வயல்தான் மாறியது. ஆகவே பரம்பரைப் பங்கு என்பது விதையின் குணம் அல்ல, அந்த விதை அந்த வயலில் நிற்கும்போது வரும் ஒரு கணக்கு.

இரட்டையர் ஆய்வுகள் பெரும்பாலும் சுவீடன், டென்மார்க், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் செய்யப்பட்டவை. குசினியில் விறகு எரியாத, வீட்டுக்கு வீடு பெரிதாக வேறுபடாத இடங்கள் அவை. அந்த 70 அந்த வயல்களின் எண். அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ நடுவது சரியாகாது.

நாம் அதிகம் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் எல்லா வீட்டிலும் விறகடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளைக்கு முட்டு, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று அந்த ஊருக்குள் மட்டும் ஒப்பிட்டால், புகை எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் அது காரணமாகவே தெரியாது. மிஞ்சித் தெரிவது பரம்பரை மட்டும். "எல்லாரும் புகைக்குள்ளதான் வளர்ந்தவை, அவனுக்குத்தான் வந்தது, அப்ப பரம்பரைதானே" என்று ஆச்சி சொல்லும் நியாயம் இதுதான். ஆச்சியின் கணக்கு ஊருக்குள் சரி. அந்தப் பிள்ளை ஏன் மற்றப் பிள்ளைகளைவிட எளிதில் மாட்டியது என்பதற்கு அது பதில் சொல்கிறது. ஊரில் ஏன் இத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஊர்களை ஊர்களோடு ஒப்பிட்டால்தான் மறைந்தது வெளியே வரும். 1998இல் வெளியான ஒரு பெரும் ஒப்பீடு, 56 நாடுகளில் 155 இடங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டது. ஆஸ்துமா அறிகுறிகள் இடத்துக்கு இடம் 20 மடங்குக்கு மேல் வேறுபட்டன. மனித மரபணு இடத்துக்கு இடம் அவ்வளவு வேறுபடுவதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 70 மரபணு என்றால் வீட்டுக்கு மிச்சம் 30 என்று ஒரு பிள்ளையின் நோயைப் பங்கு பிரிக்க முடியாது. அடுப்பு எரிவதில் விறகுக்கு எத்தனை வீதம், நெருப்புக்குச்சிக்கு எத்தனை வீதம் என்று யாரும் கேட்பதில்லையே.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது

காலை ஐந்தரை மணி, கார்த்திகை மாதம். இரவு பெய்த மழையில் விறகு நனைந்திருக்கிறது. பன்னாடையும் பொச்சும் வைத்துப் பற்றவைத்தாலும், பாலை விறகு பிடிக்க நேரமெடுக்கும். அதுவரை எழுவது நெருப்பல்ல, வெள்ளைப் புகை. தகரக் கூரை, கிடுகு மறைப்பு, மழைக்குப் பயந்து சாத்திய கதவு. பக்கத்து அறையில் ஏணையில் கைக்குழந்தை. குனிந்து ஊதும் தாயின் முகத்துக்கும், தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வயதுக்காரனின் முகத்துக்கும் இடையில் ஒரு முழத்தூரம் இருக்காது.

அந்தப் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவுகோல், ஒரு கனமீற்றர் காற்றில் 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம். காற்றுப்போக்கில்லாத விறகுக் குசினிகளில் சமைக்கும் நேரத்தில் இது பல நூறைத் தாண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கெட்ட காற்றுக்காக நாடு முழுக்கப் பாடசாலைகளை ஒருநாள் மூடியது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு எரிவாயு இல்லாமல் எத்தனையோ வீடுகள் விறகுக்குத் திரும்பியதை யாரும் காற்றுச் செய்தியாகப் பார்க்கவில்லை.

விறகுப் புகைதான் ஆஸ்துமாவை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல இன்று ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை, முடிவுகள் கலந்தே வருகின்றன. ஏற்கெனவே முட்டு உள்ள பிள்ளைக்கு அது இழுப்பைக் கிளப்பும் என்பதிலும், சிறுபிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி நோய்களைக் கூட்டும் என்பதிலும் பெரிய தகராறு இல்லை.

நுளம்புத்திரி பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு எப்போதும் ஆச்சரியம். அடுப்புப் புகைக்குக் கண்ணைக் கசக்குகிறவர்கள், கட்டிலுக்குக் கீழே திரியைக் கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்திப் படுப்பார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு திரி முழுக்க எரியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். சரி, டெங்குவுக்கு என்ன செய்வது? வலை கட்டலாம். மலேரியாக் காலத்தில் வலை இல்லாத வீடு வன்னியில் குறைவு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால், பகலில் ஏணையில் படுக்கும் குழந்தைக்கும் வலை போட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

1. தூசுப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொன்றைத் தாண்டாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தைக்குள்ளும் இலவம்பஞ்சுத் தலையணைக்குள்ளும் வாழும். அதன் எச்சம்தான் ஒவ்வாமை தருவது. ஈரப்பதன் உள்ள இடம் பிடிக்கும், வெயில் பிடிக்காது. உதறி வெயிலில் போடும் பாய் இந்த விசயத்தில் தும்பு மெத்தையை வென்றுவிடும்.
2. பூஞ்சணம். ஒழுகும் கூரை, மாரியில் ஊறும் சுவர். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.
3. கரப்பான். 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் கரப்பான் அதிகம் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.
4. சிகரெட், பீடி. தாய் கருவுற்றிருக்கும்போதே பிள்ளையின் நுரையீரலை இது பாதிக்கத் தொடங்கும். நமது வீடுகளில் தாய் குடிப்பதில்லை, குடிப்பது விறாந்தையில் இருக்கும் தகப்பன். அந்தப் புகையும் உள்ளேதான் வரும்.

அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதன் இழைகள் ஆபத்தானவை, புற்றுநோய் தரும். ஆனால் பிள்ளையின் முட்டுக்குக் காரணம் அதுவல்ல.

"வீட்டில மாடு நிக்குதே"

மாட்டோடு வளர்ந்தால் ஆஸ்துமா வராதாமே என்று இன்னொரு செய்தி உலாவுகிறது. அது வந்த இடம் அமெரிக்கா. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கமக்காரச் சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, மரபணு மிக நெருக்கம், உணவும் வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்று. 2016இல் வெளியான ஆய்வின்படி ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 வீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 வீதம். வித்தியாசம் எங்கே? ஆமிஷ் வீட்டை ஒட்டியே மாட்டுக்கொட்டில், பிள்ளைகள் அதற்குள்தான் திரிவார்கள். ஹட்டரைட் பண்ணை இயந்திரமயம், குடியிருப்பிலிருந்து எட்ட. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பற்றீரியாக்களின் எச்சமான எண்டோடாக்சின் ஏறத்தாழ ஏழு மடங்கு கூட இருந்தது. பிறந்த காலத்திலிருந்தே அந்தத் தூசியோடு பழகிய எதிர்ப்புச் சக்தி, சின்ன விசயத்துக்கு அலறுவதில்லை.

விதை ஒன்றாயிருக்க வயல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் பட்டியில் மாடு நிற்பதாலேயே நம் பிள்ளை தப்பிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பார்த்தது கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கிடைத்த பழக்கம். ஏற்கெனவே முட்டு வந்துவிட்ட பிள்ளைக்கு அரிவுவெட்டுத் தூசியும், வைக்கோல் எரிக்கும் புகையும், நுளம்புக்காகப் பட்டியில் போடும் புகையும் மருந்தாகாது.

இரண்டும் சந்திக்கும் இடம்

மேலே சொன்ன 17ஆம் நிறமூர்த்தப் பகுதிக்குத் திரும்புவோம். 2008இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் பார்த்தபோது, அந்த மாற்றம் இருந்து, சின்ன வயதில் வீட்டுக்குள் சிகரெட் புகையும் பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் ஏறியிருந்தது. 2013இல் வேறொரு ஆய்வு, முதல் மூன்று வயதுக்குள் ரைனோவைரசால் இழுப்பு வந்த பிள்ளைகளில்தான் அந்த மாற்றம் பெரிதாக வெளிப்படுகிறது என்று கண்டது. மூத்தவர்கள் இருவரும் தப்பி இளையவன் மாட்டியதற்கு இது ஒரு சாத்தியமான கதை: அவனுக்கு அந்த வடிவம் விழுந்தது, அதோடு அவன் பிறந்த ஆண்டு மாரியில் வைரசும் வந்தது, குசினிப் புகையும் இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தால் அவனும் தப்பியிருக்கக்கூடும்.

வீடு மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை. ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்ற குறிகளை மாற்றும். கருவுற்றிருக்கும்போது புகைத்த தாய்மாரின் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறிகள் மாறியிருந்ததை நோர்வேயில் செய்த ஆய்வு 2012இல் காட்டியது. நீண்டகால மன அழுத்தமும் ஆஸ்துமாவைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகப் பல நாடுகளில் பார்க்கப்படுகிறது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாள் கொட்டிலுக்குள், மண்தூசியும் நெருக்கமும் விறகுப் புகையுமாகப் பிள்ளை சுமந்த தாய்மாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி என்ன செய்வது

மரபணுப் பரிசோதனை செய்து பிள்ளைக்கு முட்டு வருமா என்று பார்க்கலாமா? இன்றைய நிலையில் அதற்குக் காசு செலவழிப்பது வீண். குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்ற தகவலே வைத்தியருக்குப் போதும். ஆச்சியின் பட்டியல் அங்கேதான் உதவும். குடும்பத்தில் இருந்தால், அந்த வீட்டில்தான் புகையைக் குறைப்பது முதலில் நடக்க வேண்டும். "பரம்பரைதானே, என்ன செய்ய" என்பது நேர்த் தலைகீழான முடிவு.

வீட்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பலன் தேடினால் ஏமாற்றம்தான். மெத்தைக்கு மட்டும் உறை போட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் இல்லை. பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துப் பலவற்றைச் சேர்த்து மாற்றிய ஆய்வுகளில் முட்டு வரும் நாட்கள் குறைந்தன. காசில்லாமல் செய்யக்கூடியவை: மாரிக்கு முன்னரே விறகைப் பிளந்து கூரைக்குள் அடுக்குவது, சமைக்கும் நேரம் பிள்ளையைக் குசினியிலிருந்து எட்ட வைத்திருப்பது, திரிக்குப் பதில் வலை, தலையணையையும் பாயையும் வெயிலில் போடுவது. காசு கொஞ்சம் இருந்தால் புகைபோக்கி. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்புக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பிள்ளைகளுக்குப் படும் புகை ஏறத்தாழப் பாதியானது, கடும் நிமோனியாவும் குறைந்தது.

வீட்டைத் திருத்தினாலும் மருந்து தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சல்பியூட்டமோல் இறுகிய தசையைத் தளர்த்தும், இழுப்பை அந்த நேரத்துக்கு அடக்கும். வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர், அதை இழுப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். பிள்ளை சுகமாக இருக்கிறது, மருந்து பழகிவிடும் என்று பயந்து பலர் நிறுத்துவது இதைத்தான். நிறுத்துவதானால் அது வைத்தியர் பார்த்துச் செய்ய வேண்டியது. பேசமுடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சுக்குழி உள்வாங்கினால், உதடு நீலம் பூத்தால், உடனே வைத்தியசாலை.

சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும், இடையில் மருந்தைப் பிடித்து வைக்கும் ஸ்பேசர் என்ற குழல் வேண்டும். ஸ்பேசர் கையில் இல்லாத இடத்தில் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும் என்று தென்னாபிரிக்க ஆய்வொன்று 1999இல் காட்டியது. போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளை போட்டு, மூடி இருந்த பக்கத்தைப் பிள்ளையின் வாயில் வைத்து, ஒரு அடி அடித்து நாலைந்து தடவை மூச்சு இழுக்க விடவேண்டும். போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி, மருந்து பிள்ளைக்குப் போகாமல் போத்தலில் ஒட்டிக்கொள்ளும்.